மசலா மரபும் நம் மண்ணின் செய்திகளும்
(செட்டிகுளம் வட்டாரத்தை நடுவாகக் கொண்ட ஒரு பொது அறிவுத் தொகுப்பு)

பொது அறிவு என்றவுடன் மாணவர் நெஞ்சில் தோன்றுவது போட்டித் தேர்வுக்குரிய வினாவிடைப் புத்தகமே ஆகும். மிக நீளமான ஆறு எது, மிகப் பெரிய விலங்கு எது என்பன போன்ற வினாக்களும், அவற்றிற்கு ஒற்றைச் சொல்லில் அமைந்த விடைகளும் மனப்பாடம் செய்யப்படுகின்றன. தேர்வு முடிந்த சில நாள்களில் அவை மறந்தும் போகின்றன. அவ்விடையை முதலில் கண்டவர் யார், எவ்வாறு கண்டார், அது எந்த அளவிற்கு உறுதியானது என்னும் கேள்விகள் எழுவதே இல்லை.

எங்கோ உள்ள செய்திகளைத் தேடிப் படிக்கும் நாம், நம் காலடியில் கிடக்கும் செய்திகளை அறியாதிருக்கின்றோம். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள செட்டிகுளத்தையும், அதனைச் சூழ்ந்த பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளையும் மட்டுமே எடுத்துக்கொண்டாலும் அறிவியல், மொழி, வரலாறு, கணக்கு ஆகிய துறைகளுக்கு உரிய வியத்தகு செய்திகள் பல கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வினாவும் விடையும் ஓர் இலக்கிய வகை

வினாவிடை முறை நமக்குப் புதியதன்று. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் அரபு, பாரசீக மரபுகளை ஒட்டித் தமிழுக்குத் தந்த புதிய இலக்கிய வகைகள் பல. கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகியவற்றோடு மசலா என்பதும் அவற்றுள் ஒன்று. 'மஸ்அலா' என்னும் அரபுச் சொல்லுக்கு வினா, வினாவிற்குரிய பொருள் என்பது கருத்து. வினவுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அச்சொல்.

வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா' 1572ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேறியது. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது இதுவே என்பர். மதீனாவில் வாழ்ந்த யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட வினாக்களும் பெற்ற விடைகளும் அந்நூலின் பொருளாக அமைந்துள்ளன. 'நூறு மசலா' என்னும் மற்றொரு நூலில் ஓர் இளவரசி வினாக்களைத் தொடுக்கின்றாள்.

இவ்விரு நூல்களிலும் நாம் கருதத்தக்க ஒன்று உண்டு. கேட்பவர் விடையைப் பெற்றுக்கொண்டு வாளா இருப்பதில்லை. விடையைச் சோதித்து, மனம் நிறைவு பெற்ற பின்னரே ஏற்றுக்கொள்கின்றார். இன்றைய வினாவிடைப் புத்தகங்களில் இல்லாதது இச்சோதனையே.

சமையலறையில் வழங்கும் 'மசாலா'வும் இம்மசலாவும் ஒரே சொல் என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. சமையல் மசாலா 'மஸாலிஹ்' என்னும் வேறோர் அரபுச் சொல்லின் வழியாகப் பாரசீகம், உருது ஆகிய மொழிகளைக் கடந்து வந்தது. ஒலியால் ஒத்தவை எல்லாம் வேரால் ஒத்தவை ஆகா என்பதற்கு இது நல்ல சான்று.

2. கடல் இருந்த இடம்

செட்டிகுளத்துக் குன்றின் மேல், கரும்பைக் கையில் ஏந்திய தண்டாயுதபாணியின் கோயில் அமைந்துள்ளது. அக்குன்று மிகத் தொன்மையான கடும்பாறையால் ஆனது. அங்கிருந்து கிழக்கே காரை, சாத்தனூர், கருடமங்கலம், அரியலூர் எனச் செல்லச் செல்ல நிலத்தின் தன்மை மாறுகின்றது. கடும்பாறை மறைந்து, களிமண் படிவுகளும் மணற்பாறைகளும் சுண்ணாம்புப் பாறைகளும் தோன்றுகின்றன. அவற்றுள் கிளிஞ்சல்களும் சிப்பிகளும் கல்லாக உறைந்து கிடக்கின்றன. கிரிட்டேசியக் காலம் எனப்படும், 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலப்பகுதியில், கடல் பலமுறை உள்வந்தும் பின்வாங்கியும் சென்ற நிலம் இது. இன்று இங்கிருந்து கடலைக் காண ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும்.

காரைப் பகுதியில் காணப்படும் சுருள் வடிவக் கல், அம்மோனைட்டு என்னும் உயிரினத்தின் ஓடாகும். கணவாய்க்கும் நீராளிக்கும் உறவான இவ்வுயிரினம், டைனோசர்கள் மறைந்த அதே காலத்தில் முற்றிலும் அழிந்தது. கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்டுப் படிவமே. ஆட்டுக்கடாவின் கொம்பை உடைய அம்மோன் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் பெயரால் இவ்வுயிரினம் அழைக்கப்படுகின்றது. அத்தெய்வத்தின் கோயிலை அடுத்துக் கிடைத்த உப்பே, ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரம். அதன் மேலைநாட்டுப் பெயரிலிருந்து 'அம்மோனியா' என்னும் சொல் பிறந்தது. எனவே, காரையின் கல்லும் உழவர் இடும் உரத்தின் மூலப்பொருளும் பெயரளவில் உடன்பிறந்தவை.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கின்றது. அதனை 1940இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அம்மரத்தின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்று வழங்கப்படுகின்றது. மரம் கல்லாவது எப்படி? வெள்ளத்தால் அடித்து வரப்பட்ட மரம் கடலடிச் சேற்றில் புதைகின்றது. காற்றுப் புகாமையால் அது மட்கிப் போவதில்லை. நீரில் கரைந்துள்ள மணற்சத்தாகிய சிலிக்கா அதன் நுண்ணறைகளுள் புகுந்து சிறிது சிறிதாக இடம்பிடிக்கின்றது. மரத்தின் வடிவம் நிலைக்க, பொருள் மட்டும் கல்லாக மாறிவிடுகின்றது.

நிலம் கடலாகவும் கடல் நிலமாகவும் மாறும் என்னும் கருத்து ஐரோப்பியர் மட்டும் கண்டதன்று. இப்னு ஸீனா (980-1037) தம் 'ஷிபா' என்னும் நூலில், மலைப்பாறைகளில் நீர்வாழ் உயிர்களின் படிவங்கள் இருப்பதைக் கொண்டு அந்நிலம் ஒருகாலத்தில் நீருள் இருந்தது என்று கருதினார். அவர் காலத்தவராகிய அல்பிரூனி இந்தியாவிற்கு வந்து, மலையடியில் பெரிய உருண்டைக் கற்களும், தொலைவு செல்லச் செல்லச் சிறு கற்களும், பின்னர் மணலும் இருப்பதைக் கண்டார். வடஇந்தியச் சமவெளி ஒருகாலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்தது என்று அதனைக்கொண்டு முடிவு செய்தார். கருவிகள் ஏதுமின்றி, கல்லின் அளவை மட்டும் நோக்கி அவர் கண்ட முடிவு அது.

3. உலகறிந்த நம் ஊர்ப்பெயர்கள்

இப்பகுதியை ஆராய்ந்த பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர், 1862இல் வெளியான தம் ஆய்வில் இங்குள்ள படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். பின்னர் வந்தோர் காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு எனச் சிற்றூர்களின் பெயர்களையே பாறை அடுக்குகளுக்கு இட்டனர். ஜப்பானிலும் பிரான்சிலும் உள்ள நிலவியல் மாணவர் இப்பெயர்களைப் படிக்கின்றனர். ஓர் அம்மோனைட்டு இனத்திற்குத் தமிழின் பெயராலேயே 'தமுலிகம்' என்னும் சிறப்புப் பெயரும் வழங்குகின்றது.

இவ்வரிசையில் 'டால்மியாபுரம்' என்னும் பெயரும் உண்டு. அப்பெயரை நீக்கிக் கல்லக்குடி என்று வழங்க வேண்டும் என 1953 ஜூலையில் நடந்த போராட்டமும், மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்ததும் தமிழக வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சிகள். ஊர் கல்லக்குடி என்னும் பெயரைப் பெற்றது. ஆயினும் நிலவியல் நூல்களில் பாறை அடுக்கின் பெயர் மாறவில்லை.

ஊட்டத்தூரின் பெயர் கருநாடகப் போர் வரலாற்றிலும் காணப்படும். 1751இல் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் ஒருபுறமும், முகம்மது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமும் நின்று பொருதனர். ஆங்கிலப் படை தோற்று, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் செல்வோர் இன்றும் அக்கோட்டையைக் காணலாம்.

4. முட்டையா, கல்லா?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி ஒரே நாளில் எங்கும் பரவிற்று. மக்கள் திரண்டனர். பின்னர் ஆய்ந்த நிலவியலார் அவை முட்டைகள் அல்ல என்றும், இயற்கையில் திரண்ட உருண்டைக் கற்களே என்றும் விளக்கினர்.

அத்தகைய கல் தோன்றும் முறை எளிது. சேற்றில் புதைந்த ஓர் ஓடோ, இலையோ கருவாக அமைகின்றது. நீரில் கரைந்த சுண்ணாம்பும் இரும்பும் அதனைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து இறுகுகின்றன. உடைத்துப் பார்த்தால் சிலவற்றுள் வெங்காயத்தில் உள்ளதுபோல் அடுக்குகள் தெரியும். முட்டைக்கு மெல்லிய ஓடு உண்டு. அவ்வோட்டில் காற்றுப் புகும் நுண்துளைகள் உண்டு. ஒரு கூட்டில் உள்ளவை ஏறக்குறைய ஒரே அளவின. திரள் கற்களுக்கு இவை எவையும் இல்லை. அவற்றுள் சிறியதும் பெரியதும் கலந்திருக்கும்.

இதனால் இப்பகுதியில் டைனோசர் முட்டையே இல்லை என்று முடிவு செய்தலும் தவறு. 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரியலூர் மாவட்டம் செந்துறை அருகே முட்டைத் தொகுதிகளைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். ஆகவே குன்னத்துச் செய்தியைக் கேட்டவர் அதனை நம்பியதில் வியப்பில்லை. நடக்கக்கூடிய செய்தி என்பது ஒன்று. நடந்தது என்று நிறுவப்பட்ட செய்தி என்பது வேறொன்று. பொது அறிவு பயில்வோர் முதற்கண் அறிய வேண்டிய வேறுபாடு இதுவே.

5. மறைந்துபோன பேருடல்

அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1987இல் ஒரு புதிய டைனோசரை அறிவித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பிருகத்காயோசாரஸ். 'பிருகத்' என்றால் பெரிய. 'காயம்' என்றால் உடல். 'சாரஸ்' என்பது பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுடையது. 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு, அவ்விலங்கு பெரும்பாலும் 110 முதல் 130 டன் எடை இருந்திருக்கலாம் என்கிறது. நிலத்தில் வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது.

ஆனால் அவ்வெலும்புகள் இன்று இல்லை. நொறுங்கும் தன்மையுடைய அவை ஈரத்தால் சிதைந்து அழிந்தன. எஞ்சியவை வரைபடங்களும் நிழற்படங்களுமே. அதனால் உலக அறிஞர் சிலர் அதன் அளவை ஐயுற்றனர். வேறு சிலர் அது எலும்புதானா, கல்மரமா என்றுகூட வினவினர். 2022இல் பழைய நிழற்படங்கள் சில வெளியிடப்பட்ட பின்னரே அவ்வையம் பெரிதும் நீங்கியது. சான்று அழிந்தால் உண்மையும் வாதத்திற்கு உரியதாகிவிடும் என்பதற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

6. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம்

செட்டிகுளம் என்றவுடன் சந்தையில் நினைவிற்கு வருவது சின்ன வெங்காயம். இதனை ஆங்கிலத்தில் குறிக்கும் 'ஷாலட்' என்னும் சொல், பாலஸ்தீனக் கடற்கரையில் இருந்த அஸ்கலான் என்னும் பழம்பெரும் துறைமுக நகரின் பெயரிலிருந்து பிறந்தது. ஐரோப்பியர் இதனை அந்நகரின் வெங்காயம் என்றே அறிந்திருந்தனர். அரபியில் வெங்காயத்திற்குப் 'பஸல்' என்பது பெயர். திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 61ஆம் வசனத்தில், மூஸா (அலை) அவர்களின் சமூகத்தார் கேட்ட உணவுப் பொருள்களுள் பஸலும் ஒன்றாக வருகின்றது.

தமிழில் 'உள்ளி' என்பது பழைய பெயர். மலையாளத்திலும் தெலுங்கிலும் இன்றும் அதுவே வழக்கு. 'வெங்காயம்' என்பதில் உள்ள 'காயம்' காரப் பொருளைக் குறிக்கும். பெருங்காயம் என்பதிலும், கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஆகிய ஐந்தையும் குறிக்கும் ஐங்காயம் என்பதிலும் வருவது அச்சொல்லே. உரிக்க உரிக்க ஒன்றுமில்லாத வெறுங்காயம், அதாவது வெற்றுடல், என்பதே வெங்காயம் ஆயிற்று என்பது சுவையான கற்பனை, சொல்லாய்வு அன்று. பிருகத்காயத்தில் உள்ள காயம் உடல். வெங்காயத்தில் உள்ள காயம் காரம்.

வெங்காயம் அரிந்தால் கண்ணீர் வருவது ஏன்? அரியும்போது அறைகள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த கந்தகச் சேர்மமும் நொதியும் கலக்கின்றன. அக்கலப்பில் விளைந்த பொருளை மற்றொரு நொதி ஒரு வளியாக மாற்றுகின்றது. அவ்வளி கண்ணின் ஈரத்தில் பட்டு உறுத்துகின்றது. உறுத்தலைக் கழுவுவதற்குக் கண்ணீர் சுரக்கின்றது. இரண்டாவது நொதி ஒன்று உண்டு என்பதை ஜப்பானிய அறிஞர்கள் 2002இல்தான் கண்டறிந்தனர். பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்களையில் நிகழ்ந்த ஒன்றின் முழுக் காரணம் நம் காலத்தில்தான் தெளிவாயிற்று. வேகவைத்த வெங்காயம் கண்ணைக் கரிக்காமைக்கு, வெப்பத்தால் நொதி அழிதலே காரணம்.

அறுவடை செய்த வெங்காயமும் உயிருள்ளது. அது மூச்சு விடுகின்றது. காற்றோட்டம் இன்றிக் குவித்தால் தன் ஈரத்தாலும் வெப்பத்தாலும் அழுகும். இதனை அறிந்தே நம் உழவர் தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் காற்றுப் புகுமாறு இடைவெளி விட்டு, மேலே கூரை வேய்ந்து பட்டறை அமைக்கின்றனர். விலை வீழ்ந்த காலத்தில் சில வாரம் பொறுத்திருக்கவும், அடுத்த போகத்திற்கு விதை வெங்காயம் காக்கவும் பட்டறையே துணை. எந்த வினாவிடைப் புத்தகத்திலும் இடம்பெறாத பொது அறிவு இது. இதனைத் தந்தையிடம் கற்ற மாணவர் நம்மிடையே பலர் இருப்பர். தாம் அறிந்தது அறிவியல் என்பதை அவர்கள் அறியார்.

7. பசலி ஆண்டு

நிலம் உடையோர் வீட்டில் அடங்கல் படியை எடுத்துப் பார்த்தால் 'பசலி' என ஓர் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். 'பஸ்ல்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். அது அறுவடையையும் குறிக்கும். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை ஒட்டியது. 354 நாள்களைக் கொண்டது. ஆண்டுதோறும் அது ஏறத்தாழ 11 நாள் முந்தி வரும். வணக்க வழிபாடுகளுக்கு அக்கணக்கே உரியது. ஆயின் நிலவரியை அதன்படி தண்டினால், சில ஆண்டுகளில் பயிர் விளையுமுன்னரே வரி செலுத்த வேண்டிய நிலை உழவருக்கு நேரும். இவ்விடரைப் போக்கவே அக்பர் காலத்தில் சூரியனை ஒட்டிய பசலிக் கணக்கு தோன்றியது. தக்காணத்தில் ஷாஜகான் காலத்தில், 1636இல், அப்போது நடந்த ஹிஜ்ரி 1046ஐ அடிப்படையாகக் கொண்டு இது நடைமுறைக்கு வந்தது.

எனவே, ஜூலை 1இல் தொடங்கும் நம் பசலி ஆண்டை அறிய, ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் போதும். 2025 ஜூலை 1இல் தொடங்கியது பசலி 1435. அதே கோடையில் பிறந்த ஹிஜ்ரி ஆண்டோ 1447. 1636இல் ஒன்றாகப் புறப்பட்ட இரு கணக்குகள் 389 ஆண்டுகளில் 12 ஆண்டுகள் விலகியுள்ளன. ஆண்டிற்கு 11 நாள் என்பது எவ்வளவாகத் திரளும் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஜமாபந்தி, தாசில்தார், வசூல், பாக்கி, ஜப்தி ஆகிய வருவாய்த் துறைச் சொற்கள் பலவும் அரபு, பாரசீக வழியில் வந்தவையே. எழுத்தறியா உழவரும் இச்சொற்களைப் பிழையின்றி ஆள்கின்றார்.

8. சைபரும் ஜீரோவும்

சுழியத்தைச் 'சைபர்' என்போரும் 'ஜீரோ' என்போரும் உண்டு. இரண்டும் ஒரே வேரின. வெறுமை என்னும் பொருளுடைய 'சூனியம்' என்னும் வடசொல்லை அரபியர் 'ஸிப்ர்' என்று மொழிபெயர்த்தனர். அது ஐரோப்பாவிற்குச் சென்று, ஒரு வழியில் 'சைபர்' எனவும் மற்றொரு வழியில் 'ஜீரோ' எனவும் திரிந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி இந்திய எண்களை விளக்கி நூல் எழுதினார். அவர் பெயரே கணிப்பொறித் துறையில் வழங்கும் 'அல்காரிதம்' ஆயிற்று. வட ஆப்பிரிக்காவில் இவ்வெண்களைக் கற்ற பீசா நகரத்து லியோனார்தோ 1202இல் தம் நூலின் வழி ஐரோப்பியருக்கு அவற்றை உணர்த்தினார். அரபியர் இவற்றை இந்திய எண்கள் என்றனர். ஐரோப்பியர் அரபு எண்கள் என்றனர். கற்றவர் ஆசிரியர் பெயரை மறவாது குறித்த பண்பு இதில் புலனாகின்றது.

தமிழரின் பழைய எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றிற்குத் தனித்தனிக் குறிகள் (௰, ௱, ௲) இருந்தன. பின்ன எண்களிலும் நம் முன்னோர் நுட்பம் காட்டினர். 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. நிலத்தையும் தானியத்தையும் அளந்தவர்க்கு இவை அன்றாடத் தேவையாய் இருந்தன.

முடிவாக

மேற்கண்ட செய்திகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோல் தோன்றினும் அவற்றுள் ஒரு தொடர்பு உண்டு. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உற்றுநோக்கி, ஐயுற்று, சோதித்து, எழுதிவைத்தமையால்தான் அது நமக்கு அறிவாக வந்து சேர்ந்தது. எழுதாமலும் காக்காமலும் விட்டவை கல்லமேட்டு எலும்புகளைப் போல் மறைந்தன. காரைக்குச் செல்வோர் கைக்கு ஒன்றாக அம்மோனைட்டை எடுத்துச் சென்றால், அடுத்த தலைமுறைக்கு அங்குச் செம்மண் மேடுகள் மட்டுமே எஞ்சும். எடுத்த இடமும் அடுக்கும் அறியப்படாத கல், அலமாரியில் அழகுப் பொருளாகலாம், சான்றாகாது. அதனைக் கண்ட இடத்திலேயே விட்டு, நிழற்படம் எடுத்து, ஆசிரியரிடம் தெரிவிப்பதே முறை. காண விழைவோர்க்கு அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உள்ளது.

மாணவர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் செய்க. அது வாழ்விற்குத் தேவை. அதனோடு, ஒவ்வொரு விடைக்கும் பின்னே யார் கண்டார், எவ்வாறு கண்டார், எவ்வளவு உறுதி என்னும் மூன்று மசலாக்களையும் கேட்டுப் பழகுக. விடுமுறையில் ஊர் செல்லும்போது பட்டறை கட்டும் பெரியவரிடமும், பழைய அடங்கலை வைத்திருப்பவரிடமும், அரபுத்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த மூதாட்டியிடமும் அமர்ந்து, அவர்கள் கூறுவதை எழுதிவைக்க. ஊர்ப் பெரியோரும் தம்மை நாடி வரும் இளைஞர்க்குத் தாம் அறிந்ததை மறைக்காது வழங்குதல் வேண்டும். அதற்குரிய ஆர்வத்தையும் பொறுமையையும் இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.